கங்கையில் விட்ட சர்க்கரை

போன தை மாதம் என் மாத்திரை வாங்க, நான் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த கிளினிக்குக்குப் போயிருந்தேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் செவிலிமேட்டிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவர் கைப்பைக்குள் போன் வீல் வீல் என்று கத்தியது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஒண்ணுமில்ல சார், லோ அலாரம்" என்று நர்ஸ் பவித்ரா குளுக்கோஸோடு வந்தாள். அந்த அம்மாவின் மேல்கையில் சட்டைப் பொத்தான் போல ஒன்று ஒட்டியிருந்தது. சர்க்கரை ரொம்பக் குறைந்தால் அது போனுக்குச் சொல்லுமாம், போன் ஊருக்குச் சொல்லுமாம்.

"இது இல்லாத காலத்துல எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?"

"மூஞ்சியப் பார்த்துதாம்மா."

"சும்மா சொல்லாதீங்க சார். எழுதிக் குடுங்க, நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன், எழுதவில்லை. எட்டாவது வரைதான் படிப்பு. பேனா பிடித்தால் மருந்துச் சீட்டு எழுதத்தான் கை வரும். ஆனால் மாசி மாதம் காசிக்குப் போய் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. முருகன் துணை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கத்தான் நான் வந்தேன். ஊசியை வெந்நீரில் கொதிக்க வைக்கப் பழகினேன், பிறகு கட்டுப் போட, பிறகு மருந்து கொடுக்க. நாலைந்து வருஷத்தில் ஊரே என்னைக் கம்பவுண்டர் ஆக்கிவிட்டது. சர்டிபிகேட் எதுவும் கிடையாது. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு.

அப்போது சர்க்கரை பார்க்க சிறுநீர்தான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், ஆரஞ்சாகும், மிஞ்சிப்போனால் செங்கல் நிறம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நெசவுக்காரர்கள். நிறம் என்றால் அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

"கம்பவுண்டரே, இன்னிக்கு நமக்கு என்னா கலரு? மாம்பழமா?"

"அரக்கு."

"ஐயோ! பார்டர்கூட இல்லாம வெறும் அரக்கா?"

நீலமாகவே நின்றால் "மயில் கழுத்து! மயில் கழுத்து!" என்று பெஞ்சே சிரிக்கும். எனக்கும் அப்படித்தான், நீலம் என்றால் நல்ல சேதி. "சக்கரை இறங்கிடுச்சு" என்று நான் வாசலிலிருந்தே சத்தமாகச் சொல்வேன்.

ஒருநாள் ஒருவருக்கு நல்ல நீலம் வந்தது. நானும் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பனிக்காலத்தில் சட்டை தொப்பலாக நனைந்து, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா எழுந்து வந்து புறங்கையை அவர் பிடரியில் வைத்துப் பார்த்தார். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் தெளிந்த பிறகு அம்மா அந்தக் குழாயை வெளிச்சத்தில் எனக்குத் தூக்கிக் காட்டி, "சண்முகம், நீலத்துக்குக் கீழ என்ன கலரு?" என்று கேட்டார்.

"கீழ கலரே இல்லைம்மா."

"அப்ப அதுக்குக் கீழ இறங்கினவங்களை இந்தக் குழாய் காட்டாது. நீங்கதான் பார்க்கணும்."

அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. கை நடுக்கம். திடீர்ப் பசி. சம்பந்தமில்லாத கோபம். ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கிற பேச்சு. இதில் ரெண்டு சேர்ந்து வந்தால் போதும். விழுங்குகிற தெளிவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ வயிற்றில் கட்டாயம் விழ வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். நினைவு தப்பினவர் வாயில் மட்டும் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். அவருக்கு நரம்பு வழியாக ஊசியில்தான் ஏற்ற வேண்டும். பின்னால் விரல் நுனியில் குத்திப் பார்க்கிற மெஷின் வந்தது. அப்போதும் டாக்டரம்மா முதலில் பிடரியைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "உட்காருங்க, சண்முகம்" என்பார். இத்தனை வருஷத்தில் மூன்றே தடவைதான் அவர் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்.

ஏகாம்பரம் பட்டு நெசவுக்காரர். என் வயதுதான். காலையில் நீறு பூசாமல் தறியில் உட்கார மாட்டார். சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் எந்தக் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாலும் ரெண்டு தொன்னை வாங்காமல் வர மாட்டார்.

"என்னா ஏகாம்பரம், உதட்டுல நெய்யி?"

"பிரசாதத்துக்கு ஏது கம்பவுண்டரே சக்கரை?"

அப்படிப்பட்டவர் ஒருநாள் மனைவி தனத்தோடு காசிக்குக் கிளம்பினார். காசிக்குப் போனால் கங்கையில் முழுகி ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். அதை ஆயுசுக்கும் தொடக் கூடாது. சொல்லிக்கொள்ள வந்தவர் என்னிடம் கேட்டார்: "காயி, பழம்னு எல்லாரும் விடறாங்க. நான் என்னா விடட்டும்?"

"உங்களுக்கு ரொம்பப் புடிச்சதை விடணும். இனிப்பை விடுங்க. சக்கரை, வெல்லம், கல்கண்டு, ஒண்ணு விடாம. புண்ணியத்துக்குப் புண்ணியம், ஒடம்புக்கு ஒடம்பு."

அவர் முகம் ஒரு நிமிஷம் வாடி, பிறகு மலர்ந்தது. "நல்ல வார்த்தை சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சாமி என் வாயில் வந்து பேசியதாகவே நினைத்தேன்.

சொன்னபடியே விட்டுவிட்டு வந்தார். தெருவில் பார்க்கிறபோதெல்லாம் "கங்கை மேல ஆணை, ஒரு துளி தொடலை" என்பார். காப்பியில் சர்க்கரை இல்லை, பண்டிகைக்குப் பாயசம் இல்லை. "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது" என்பேன். வந்து ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை அவர் வரும்போது சர்க்கரை இறங்கியிருப்பதைப் பார்த்து அம்மாவே ஆச்சரியப்படட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை. இனிப்பு நின்றுபோனது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை மாதம் இருக்கும். காலை பதினோரு மணிக்கு அவர் தெருவிலிருந்து போன். டாக்டரம்மா ஒரு குழந்தைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க முன்னால போங்க, முடிச்சிட்டு வரேன்" என்றார். மெஷினையும் குளுக்கோஸையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தேன்.

ஏகாம்பரம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றியில் நீறு கரைந்து வழிந்திருந்தது. தனம் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு முழம் நெய்ஞ்சிட்டு சாப்புடறேன்னாருண்ணா. மாத்திரை மட்டும் போட்டுக்கினாரு. காலையிலேர்ந்து சிடுசிடுன்னு இருந்தாரு, கோவம்னு நெனச்சேன். பார்டருக்கு நான்தான் நூல் ஓடற நாடாவைத் தள்ளிக்கினு இருந்தேன். இவரு கேட்கற நாடா ஒண்ணு, கை நீட்டற பக்கம் ஒண்ணு. அப்பத்தான் பயந்துட்டேன்."

"சக்கரை குடுத்தியாம்மா?"

"டம்ளரைத் தட்டிவுட்டுட்டாரு. கங்கை கங்கைன்றாரு."

விரலில் குத்திப் பார்த்தேன். முப்பத்தெட்டு, எழுபதுக்கு மேல் இருக்க வேண்டியது. குளுக்கோஸைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏகாம்பரம், நான்தான் விடச் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், குடிங்க."

அக்கரையில் நிற்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "விட்டது... விட்டதுதான்" என்றார் நாக்குக் குழற. மறுபடி பல் இறுகிவிட்டது.

கையில் டம்ளர் இருக்கிறது. உயிர் அதற்குள்ளே கரைந்து கிடக்கிறது. ஒரு சாண் தூரத்தில் அவர் வாய். அந்த வாயைப் பூட்டினவன் நான். முருகா, பாவம் என்னுது, இந்த ஆளை விட்டுடு என்று வாய்விட்டே சொன்னேன். அதற்குள் அவர் தலை, நெய்த சேலை சுற்றியிருந்த மரத்தின் மேல் சாய்ந்துவிட்டது. நானும் தனமும் தூக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். இனி வாயில் ஊற்றவும் கூடாது.

ஆட்டோ வந்து நின்றது. டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நேராகத் தரையில் உட்கார்ந்தார். புறங்கை பிடரிக்குப் போனது. "கையைப் பிடிங்க, சண்முகம்." நரம்பு கிடைத்தது. குளுக்கோஸ் மருந்தை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினார். என் கைக்குள் ஏகாம்பரத்தின் கை சில்லென்று இருந்தது. ஊசி பாதிகூட முடியவில்லை, அந்த விரல்கள் என் விரலை லேசாகப் பிடித்தன.

கண் திறந்ததும் முதல் பேச்சு, "தனம், நாடா எங்க?"

"ஆமா, நாடாதான் இப்ப கொறைச்சல்!" என்று அவள் அழுகையும் சிரிப்புமாகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகுதான் அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். "என்னாம்மா ஏத்துனீங்க?"

"மருந்து."

அவர் என் பக்கம் திரும்பினார். "கம்பவுண்டரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அது சக்கரையா?"

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா ஏகாம்பரம், சக்கரைதான்" என்றேன்.

சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். உயிர் பிழைத்ததற்கு அல்ல.

இட்லி சாப்பிட வைத்து, அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் வரை படுக்க வைத்தோம். அவர் சாப்பிடும் மாத்திரை மணிக்கணக்கில் வேலை செய்கிற ஜாதி, ஏறின சர்க்கரையை மறுபடி இறக்கிவிடும். அவர் தூங்கிய பிறகு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"உட்காருங்க, சண்முகம்."

எல்லாவற்றையும் சொன்னேன். காசியில் இனிப்பை விடச் சொன்னது, சொல்லாமல் வைத்திருந்தது, ஆச்சரியப்படுத்த ஆசைப்பட்டது.

"இனிப்பை விட்டா சாப்பாடு மாறுது. சாப்பாடு மாறினா மாத்திரை மாறணும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சாமி விஷயம்னு நெனச்சிட்டேம்மா."

வெகுநேரம் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இருந்திருக்காது. பிறகு மாட்டிக்கொண்டு, ஏகாம்பரத்தின் நோட்டைத் திறந்து, மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார். அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, 'விரதம், வேண்டுதல்' என்று எழுதினார்.

"சாமி விஷயமும் இந்த நோட்டுல வரணும். இனிமே எல்லா நோட்டுலயும் இந்தக் கோடு இருக்கணும். கிருத்திகை இருக்கறவங்க, மாலை போடறவங்க, காசிக்குப் போறவங்க, எல்லாரையும் நீங்கதான் கேட்டு எழுதணும்." நோட்டை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "மாத்திரையைக் குறைச்சாலும் இன்னொரு நாள் இறங்கலாம். அன்னிக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன். அவர் வாயைத் திறக்க வைக்கறது உங்க பொறுப்பு. பொய் சொல்லாம."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. மூன்று நாள் தொடர்ந்து, வேலை முடிந்ததும் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். ஆசையைத்தான் விட்டோம், ஆபத்துக்குச் சாப்பிடுவது ஆசை ஆகுமா என்று கேட்டேன். அவர் தெளிவாகத்தான் பேசினார்.

"எனக்குப் புரியுது கம்பவுண்டரே. ஆனா நாக்குல பட்டா இனிக்குமே? இனிச்சா நாக்கு பழசை நெனைக்குமே? நான் பொங்கலுக்கு அலைஞ்சது உங்களுக்குத் தெரியாதா? அதைக் கங்கையில கழுவிட்டு வந்திருக்கறேன். மறுபடி தொட்டா நான் பழைய ஆளு."

அவர் பயந்தது சாமிக்கு இல்லை, தன் நாக்குக்கு.

மூன்றாவது நாள் தனம் கோயில் இட்லிக்காகச் சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து வந்து, என் முன்னால் இருந்த குளுக்கோஸ் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியைப் போட்டு விரலால் கலந்தாள்.

"நீங்க மொதல்ல நாக்குல வெச்சிப் பாருங்கண்ணா."

வைத்தேன். தொண்டை பற்றிக்கொண்டது. இருமல் வந்துவிட்டது.

"இனிக்குதா?"

"எங்கம்மா இனிக்குது! காரம்தான் மூக்கு வரைக்கும் போவுது."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "சுக்குக்கு மிஞ்சின மருந்து இல்லன்னு பெரியவங்க சொன்னாங்களா இல்லையா?"

பாதியில் நிறுத்தின பழமொழியை யாரால் முடிக்காமல் இருக்க முடியும்? ஏகாம்பரத்தின் வாய் தானாகத் திறந்தது. "சுப்பிரமணியருக்கு மிஞ்சின தெய்வமும் இல்ல" என்றார். திறந்த வாயில் அவள் ஒரு சிட்டிகையைப் போட்டேவிட்டாள். அவர் இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது, சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"மருந்துதான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "கங்கைக்குத் தெரிஞ்சா?"

"கங்கைக்குச் சளி புடிச்சா அதுக்கும் சுக்குதான்" என்றாள் தனம்.

டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்ததை அன்றுதான் சத்தமாகக் கேட்டேன். "சுக்கு ஒரு சிட்டிகையோட நிக்கட்டும். குளுக்கோஸ் மூணு ஸ்பூன் குறையக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து ஏகாம்பரம் இடுப்பில் அந்தப் பொட்டலம் இல்லாமல் படி இறங்கினதில்லை. முதலில் ஒரு குழப்பம் நடந்தது. கோயிலில் அவருக்கு நடுக்கம் வர, யாரோ அவசரத்தில் அவர் மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுவிட்டார்கள். "வயித்துக்குள்ளயும் பட்டை போட்டுட்டாங்க கம்பவுண்டரே" என்று வந்து சொன்னார். நல்லவேளை, தனம் பக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு மருந்துப் பொட்டலத்தைத் தறியில் மிஞ்சின சிவப்புப் பட்டு நூலால் கட்ட ஆரம்பித்தார். பார்த்துப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். சுக்கு வேண்டாதவர்களுக்கு வெறும் குளுக்கோஸ், ஆனால் நூல் எல்லோருக்கும் சிவப்புதான். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பொட்டலம் கட்டுவது என் வேலை. நூல் கொண்டுவந்து கொடுப்பது அவர் வேலை.

எப்போதாவது அவர் அதைப் பிரிக்க நேர்ந்தால், மறுநாள் கோயிலுக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். "கங்கைக்குத் தெரிஞ்சா?" என்ற அந்தக் கேள்வி அவருக்குள் முழுசாக அடங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க வைத்தவன் நான் என்பதும் எனக்கு அடங்கவில்லை.

ஓய்வு பெற்ற மறுவருஷம் எனக்கே சர்க்கரை வந்தது. இந்த மாசியில் நானும் என் வீட்டுக்காரியும் காசிக்குக் கிளம்பினோம். ஏகாம்பரம் வழியனுப்ப வந்து, என் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். சிவப்பு நூல். "நானே கட்டினேன்" என்றார்.

காசியில் படித்துறையில் உட்கார்ந்தோம். குளித்து, முன்னோர்க்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுச் சாப்பிடலாம் என்று, மாத்திரையை மட்டும் விடியற்காலையிலேயே போட்டுக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கூடாது என்று சொன்னவன்! காரியம் நீண்டுபோனது. புரோகிதர் என்ன விடுகிறீர்கள் என்று கேட்டார்.

"சக்கரைன்னு மட்டும் சொன்னீங்க, நான் இங்கயே தங்கிடுவேன்" என்றாள் வீட்டுக்காரி.

"கொய்யாப்பழம்" என்றேன். அடுத்து காய் சொல்ல வேண்டும். எனக்கு அவரைக்காய் என்கிற பெயர் வரவில்லை. தேடுகிறேன், தேடுகிறேன், வரவில்லை. அவ்வளவு குளிரில் மேலுதட்டில் வியர்த்தது. அவள் என் பிடரியைத் தொட்டாள். டாக்டரம்மாவைப் பார்த்தாளா, என்னைப் பார்த்துப் பழகினாளா, தெரியாது. சட்டைப் பையில் கை விட்டுச் சிவப்பு நூலைத் தேடி இழுத்தாள்.

"வாயத் திறங்க."

திறந்தேன். தண்ணீரில் கலக்க நேரமில்லை. அப்படியே கொட்டி, பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்தாள். ஏகாம்பரம் டாக்டரம்மாவின் பேச்சைக் கேட்கவில்லை, சிட்டிகையைத் தாண்டித் தாராளமாகத்தான் சுக்கு போட்டிருந்தார். காது வரை எரிந்தது. கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. கால் மணி நேரத்தில் அவரைக்காய் தானாக வந்தது.

சத்திரத்துக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன்.

"என்னா விட்டீங்க, கம்பவுண்டரே?"

"கொய்யாவும் அவரைக்காயும்."

"பொட்டலம்?"

"பிரிச்சேன்."

"எங்க?"

"படித்துறையிலதான். கால் தண்ணியில இருந்துச்சு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப கங்கைக்குத் தெரிஞ்சிபோச்சு. என்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலை ஏகாம்பரம். அது பாட்டுக்குப் போய்க்கினே இருந்துச்சு."